கொட்டு என்றாள் கன்னிகா

சித்தூர்ப் பக்கம் சாரத்தில் ஏறி வேலை செய்யும் தமிழர்கள் ஒரு வார்த்தையை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. தண்ணியைக் கொட்டு, குப்பையைக் கொட்டு என்று நாள் முழுக்கப் புழங்குகிற வார்த்தைதான். ஆனால் தெலுங்கில் கொட்டு என்றால் அடி. கூட நிற்பவர்களில் பாதிப்பேர் தெலுங்குக்காரர்களாக இருக்கும் இடத்தில், சுண்ணாம்பு வாளியைக் காட்டி நீங்கள் ஒன்று சொல்ல, அவர்கள் வேறொன்று செய்துவிடுவார்கள்.

கன்னிகாவுக்கு இது முதல் நாளே பாடமாகிவிட்டது. அப்போது அவளுக்கு இருபத்தோரு வயது. பங்காருபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெள்ளையடிக்கும் வேலை. மேலிருந்து தொட்டியை நீட்டி, கீழே வாளியோடு நின்ற ஆளைப் பார்த்து, "கொட்டுண்ணா, சீக்கிரம் கொட்டு" என்றாள். அந்த ஆளுக்கும் பக்கத்தில் இருந்தவனுக்கும் காலையிலிருந்தே ஆகவில்லை. அக்கா ஒருத்தி கேட்டுக்கொண்டால் சும்மா இருக்க முடியுமா? வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்து ஆளின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டான். மண்டபமே சிரித்தது. மேஸ்திரி வேங்கடாசலம் ஓடிவந்து, "இங்க அப்படிச் சொல்லக் கூடாதும்மா. போய், போய்" என்றார். தெலுங்கில் போய் என்றால் ஊற்று. அது இவளுக்கு எங்கே தெரியும்? வேலை போச்சு என்று நினைத்து, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்வரை நடந்துவிட்டாள். ஆள் அனுப்பிக் கூட்டிவர வேண்டியிருந்தது.

அன்றைக்கு விட்டவள்தான். அதன்பிறகு இருபது வருஷம், வேலையிடத்தில் அவள் வாயில் கொட்டு வந்ததில்லை. ஊற்றச் சொல்ல வேண்டுமானால் போய். அவ்வளவுதான். அவளோடு பன்னிரண்டு வருஷமாக ஒரே சாரத்தில் நிற்கும் சபீனாவைக் கேட்டால் சொல்வாள்.

கன்னிகாவின் புருஷன் சீனுவைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஆசையாக ஒன்றும் இல்லை. வெதுருகுப்பத்துக்காரன். மாங்காய் லாரியில் கிளீனர், பிறகு டிரைவர், பிறகு ஒன்றும் இல்லை. குடித்துவிட்டு அடிக்கிறவர்கள் ஒரு ரகம். மறுநாள் காலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். சீனு குடிக்காமலும் அடிப்பான். பல் விளக்கிவிட்டு, முகம் துடைத்துவிட்டு, நிதானமாக அடிப்பான். பெல்ட், செருப்பு, கேஸ் அடுப்பின் ரப்பர் குழாய், எது கைக்குக் கிடைத்தாலும் சரி. ஒருமுறை அவளுடைய வலது மணிக்கட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். பிரஷ் பிடிக்கும் கை என்று தெரிந்தேதான் சாத்தினான்.

இடது புருவத்தைக் கிழித்தது அதற்குப் பிறகு. சுவருக்குப் பட்டி பார்க்கும் இரும்புத் தகடு, அவளுடைய வேலைச் சாமான், பையிலிருந்து அவனே எடுத்தான். கதவைத் திறக்க நேரமானதுதான் குற்றம். மகள் பிரித்திகாவுக்கு அப்போது ஆறு வயது. மடியில் தூங்கிக்கொண்டிருந்தவளை இறக்கிப் படுக்கவைத்துவிட்டு வருவதற்குள் நேரமாகிவிட்டது. ஐந்து தையல். நர்ஸ் கேட்டபோது, "சாரத்துல இருந்து விழுந்துட்டேன்" என்றாள். சாரத்திலிருந்து அவள் ஒரு நாளும் விழுந்ததில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தால் ஒன்பது முறை விழுந்திருக்கிறாள்.

தெருவுக்குத் தெரியாதா என்றால், தெரியும். சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். சத்தம் கேட்காமல் இருக்குமா? ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு, விளங்காத வழக்கம். 'மொகுடு பெள்ளாம் விஷயம்' என்பார்கள், புருஷன் பெண்டாட்டி விவகாரம். அவர்களாகக் கூப்பிடாமல் நுழையக் கூடாது. நுழைந்த ஒரே ஆள் பக்கத்து வரிசையில் இருந்த பவன்குமார், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து சீனுவின் கையைப் பிடித்துவிட்டான். சீனு பதறவே இல்லை.

"யார்ரா நீ? இவ உன்ன கூப்டாளா?"

பவன்குமார் கன்னிகாவைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, பிலிச்சாவா?" கூப்பிட்டாயா என்று கேட்டான்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரலுக்கு நடுவில் ரத்தம். கூப்பிட்டேன் என்று ஒரு வார்த்தை வந்திருக்கலாம். வரவில்லை. "நீ போ பவனு" என்றாள்.

அவன் பிடியை விட்டான். வாசற்படியில் நின்று, சீனுவுக்கும் கேட்கும்படி சொன்னான்: "நுவ்வு ஒக்க மாட்ட செப்பக்கா, சாலு." நீ ஒரு வார்த்தை சொல்லு, போதும். அவன் போன பிறகு அந்த ஒரு வார்த்தைக்கும் சேர்த்து அவளுக்கு விழுந்தது.

அதன்பிறகுதான் சுவர் வந்தது.

ரோஹிணி திருப்பதிப் பெண். ஓவியம் படித்தவள், முப்பது வயது இருக்கும். சிநேகிதர்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு 'மன ஊரு, மன முகாலு' என்று ஒன்றை ஆரம்பித்திருந்தாள். நம்ம ஊர், நம்ம முகங்கள். சட்டம் இரண்டே இரண்டு. சாமி கிடையாது, தலைவர் கிடையாது. தினம் நீங்கள் எதிரில் பார்த்துவிட்டுப் பார்க்காமல் போகிற ஆளாக இருக்க வேண்டும். ஊரில் ஒரு சுவர் மிச்சமில்லாமல் ஒன்று சாமி, இல்லையென்றால் யாருக்காவது பிறந்தநாள் வாழ்த்து என்று இருக்கும்போது, இதற்கு யார் சுவர் கொடுப்பார்கள் என்று சிரித்தார்கள். முதல் சுவர் திருப்பதியில் கிடைத்தது. மொட்டையடித்த குழந்தைகளின் தலையில் சந்தனம் பூசிவிடுகிற ஒருத்தர், ரூம் வேண்டுமா என்று யாத்திரிகர்களின் பின்னாலேயே நடக்கும் ஒருத்தர், பூக்கட்டும் இரண்டு பெண்கள். அடிப்பூச்சுக்கு கன்னிகாவும் சபீனாவும்தான் சித்தூரிலிருந்து பஸ்ஸில் போய்வந்தார்கள். முகத்தைப் பார்த்து ஜனங்கள் நின்று செல்ஃபி எடுத்தார்கள். சந்தனக்காரர் சுவரில் இருக்கும் தன் முகத்தைத் தானே துடைத்துவிட்டுப் போவார்.

அடுத்த சுவர் சித்தூர் மார்க்கெட் மதில். யாரை வரைய வேண்டும் என்று கடைக்காரர்களையே கேட்டார்கள். அதற்குள் ஒரு எலெக்‌ஷனே நடந்துவிட்டது. கீரை விற்பவர்கள் ஒரு கட்சி, வெங்காயம் ஒரு கட்சி. கடைசியில் பத்துப் பேர் முடிவானது. இட்லிக்கார மணியம்மா, தன் மூக்குத்தியை இடது பக்கம் போட்டுவிட்டார்கள் என்று ஒருநாள் முழுக்க இட்லி ஊற்றாமல் சாரத்தடியிலேயே உட்கார்ந்து சண்டை போட்டு மாற்றவைத்தாள். பவன்குமாரை, மூட்டை இழுக்கும் கொக்கியைத் தோளில் மாட்டியபடி வரைந்திருந்தார்கள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

மதிலில் ஒரு இடம் மட்டும் காலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ரோஹிணி தனியாக வந்து வேலை பார்த்தாள். திங்கள் காலையில் கன்னிகா வந்து பார்த்தால், கதவு அளவுக்கு அவளுடைய முகம். தலையில் துண்டு, கன்னத்தில் பெயிண்ட் புள்ளிகள், காதில் சொருகின பென்சில். சபீனா விசில் அடித்தாள். வாழ்க்கையில் தன்னை இவ்வளவு நேரம் யாரும் உற்றுப் பார்த்ததில்லை என்று கன்னிகாவுக்குத் தோன்றியது. அப்புறம் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"இது நான் இல்ல" என்றாள்.

ரோஹிணிக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏன்க்கா? நல்லா இல்லியா?"

"நல்லா கீது. என் புருவத்துல ஒரு கோடு கீதே, அது எங்க?"

"நான்தான் வேணாம்னு விட்டுட்டேன்கா. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு."

பழுப்பில் கொஞ்சம் வெள்ளை, துளி சிவப்பு, கன்னிகாவே கலந்தாள். பலகையில் ஏறினாள். இடது புருவத்தின் நடுவில் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. இருபது வருஷத்தில் ஆயிரம் சுவர் பூசியிருக்கிறாள். படம் என்று அவள் போட்டது அந்த ஒரு கோடுதான்.

கீழே மணியம்மா அண்ணாந்து பார்த்து, "இன்னாடி அது, சாரத்துல விழுந்தியே, அதுவா?" என்று கேட்டாள்.

கன்னிகா திரும்பாமல் சொன்னாள். "வுழலக்கா. எம் புருசன் பட்டி தகடால கிழிச்சது."

மார்க்கெட்டில் தராசு வைத்திருந்தவன் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு ஒரு ஆள் வெங்காயம் என்ன விலை என்று கேட்டதும் எல்லாம் மறுபடி நடந்தது.

சீனுவுக்கு முதல் இரண்டு நாள் பெருமை பிடிபடவில்லை. "எம் பொஞ்சாதி கீறா பாரு மதில்ல" என்று ஆள் ஆளாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். ஒயின் ஷாப்பில் அவனுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். மூன்றாவது நாள் அங்கே ஒருத்தன், வாயில் ஊறுகாயை வைத்துக்கொண்டு, "சீனண்ணா, படத்துக்குக் கீழ ஆர்டிஸ்ட் கையெழுத்து போட்டுக்கீறாங்க, மேல புருவத்துல இருக்கிறது உன் கையெழுத்தாமே?" என்று கேட்டான். கடை முழுக்கச் சிரித்தது. சீனு கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனான். அன்றைக்கு வீட்டில் அவன் அவளை அடிக்கவில்லை. அந்தக் கோட்டை நாளைக்கு அழித்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னான். அவள், "அழிக்கமாட்டேன்" என்றாள். அவன் தட்டில் இருந்ததை முழுக்கத் தின்றுவிட்டுக் கை கழுவினான். அவன் அடிக்காதது அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

மறுநாள், வியாழக்கிழமை, காலை பத்து மணி. மார்க்கெட்டில் நிற்க இடமில்லை. கன்னிகா சாரத்தின் மேல் பலகையில் நின்று மதிலின் ஓரக்கோட்டை முடித்துக்கொண்டிருந்தாள். கீழ்ப் பலகையில் சபீனா, கையில் முக்கால் வாளி வெள்ளைப் பெயிண்ட். சீனு கடப்பாரையோடு வந்தான். கட்டட வேலைக்கு வந்த ஆள்போலச் சாதாரணமாக நடந்து வந்ததால் யாரும் விலகக்கூட இல்லை.

முதல் குத்து புருவத்தில். காரை பெயர்ந்து விழுந்தது. இரண்டாவது கண்ணில். மூன்றாவது வாயில். செங்கல் தெரிந்தது. ரோஹிணி ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். அவன் முழங்கையால் அவள் வாயில் இடித்தான்; அவள் சாக்கடைக் கல்லின் மேல் விழுந்து, எழ முயன்று, ஒரு பல்லைத் துப்பினாள். பிறகு அவன் சாரத்தின் காலை அடித்தான். சவுக்குக் கம்பு முறிந்தது. பலகை சாய்ந்து, கன்னிகா பெயிண்ட் டப்பாவோடு கீழே வந்தாள். முதல்முறையாகச் சாரத்திலிருந்து விழுந்தாள்.

எழுவதற்குள் அவன் அவளுடைய கழுத்தில் காலை வைத்துவிட்டான். கடப்பாரையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். "கோடு வேணுமாடி உனக்கு? இன்னொண்ணு போடறேன்."

சுற்றி அறுபது எழுபது பேர். மூட்டைக்காரர்கள் கொக்கியோடு நிற்கிறார்கள். மணியம்மா கரண்டியோடு நிற்கிறாள். சபீனா ஒரு கையால் முறியாத கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் வாளியோடு நிற்கிறாள். ஒருத்தரும் நகரவில்லை. விளங்காத வழக்கம் என்று சொன்னேனே, அது அத்தனை பேரின் காலையும் கட்டிப்போட்டிருந்தது. கன்னிகா காலுக்கடியில் கிடந்தபடி கண்ணை உருட்டிப் பார்த்தாள். எதிரே பவன்குமார். அவன் வாய் திறந்து திறந்து மூடியது. அதே கேள்வியைக் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"கொட்டு!" என்று கத்தினாள். "கொட்டு! கொட்டு!"

முதல் கொக்கி சீனுவின் தோளில் இறங்கியது. கடப்பாரை கீழே விழுந்தது. அத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. இருபது வருஷமாக ஒற்றைச் செங்கல் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். கொக்கி, தள்ளுவண்டிக் கம்பி, எடைக்கல். ஒருத்தன் முழங்காலை அடித்தான், அடுத்தவன் மறு முழங்காலை. மணியம்மா கரண்டியால் அடித்தாள். கரண்டி வளைந்தபிறகு கையால் அடித்தாள். சீனு முதலில் கெட்ட வார்த்தையில் திட்டினான், பிறகு சாமி பெயரைச் சொன்னான், பிறகு அம்மா என்றான். தரையில் கிடந்த வெள்ளைப் பெயிண்ட்டில் ரத்தம் கலந்து, கன்னிகா திங்கட்கிழமை கோட்டுக்குக் கலந்த அதே நிறமாக ஓடியது.

சாலு என்றால் போதும். அதுவும் ஒரே வார்த்தைதான். கன்னிகா மதிலில் சாய்ந்து உட்கார்ந்து, கழுத்தைத் தடவிக்கொண்டு, பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அசைவு நின்ற பிறகுதான் சாலு என்று சொன்னாள்.

சனிக்கிழமை திருப்பதி ஆஸ்பத்திரியில் சீனு செத்துப்போனான். பவன்குமாரையும் இன்னும் இரண்டு மூட்டைக்காரர்களையும் போலீஸ் பிடித்து வைத்திருந்தது. கூட்டத்தில் எத்தனையோ பேர் அடித்தார்கள். கொக்கி இருந்தவர்கள் மூன்று பேர் என்று கணக்காகிவிட்டது.

திங்கட்கிழமை கன்னிகாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். வேலை பார்க்கும் ஸ்ரீசிட்டி கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்த பிரித்திகா ஆட்டோவில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அப்பனுக்காக அவள் அழவில்லை. "அம்மா, பெயிண்ட்ட கொட்டச் சொன்னேன்னு சொல்லிடும்மா. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. எனக்கு நீ ஒருத்திதான் கீறே."

இன்ஸ்பெக்டர் தெலுங்குக்காரர், ஆனால் வேலூரில் படித்தவர். தமிழ் தண்ணீர்பட்ட பாடு. அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். கழுத்தில் இருந்த செருப்புத் தடத்தைப் பார்த்துவிட்டு, பார்வையைப் பேப்பருக்குத் திருப்பிக்கொண்டார். நல்ல மனுஷன்தான். வாக்குமூலத்தைப் பாதி எழுதியும் வைத்திருந்தார்.

"நீ தமிழ் பொண்ணும்மா. பெயிண்ட் வாளி வச்சுக்கினு நின்ன பொண்ணப் பார்த்து, அவன் மூஞ்சில கொட்டுன்னு தமிழ்ல கத்தின. இவனுங்க தெலுங்குல அடின்னு எடுத்துக்கினாங்க. சரிதானே? கையெழுத்து போட்டுட்டு வீட்டுக்குப் போ."

"நான் போய்ட்டா பவனுக்கு இன்னா சார் ஆகும்?"

இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்தார். "யாரும் கூப்பிடாம போயி ஒரு ஆளை அடிச்சுக் கொன்னதா ஆகும். உள்ள போவான்."

"நான் கூப்ட்டிருந்தா?"

"ஒரு பொம்பள உயிர் போற நேரத்துல கூப்பிட்டா, காப்பாத்தப் போனதா அவங்க வக்கீல் சொல்ல ஒரு வழி இருக்கும். அத்தனை அடிக்கு முழுசா தப்பிக்க முடியாது. ஆனா வழி இருக்கும். நீயும் கேஸுல வருவே. அடிக்கச் சொன்னவளா வருவே." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "உனக்கு வயசுப் பொண்ணு இருக்கு. யோசிச்சு சொல்லு. எந்த பாஷையில சொன்ன?"

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பிரித்திகாவும் சபீனாவும் நின்றிருந்தார்கள். சபீனா இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாளாக அவள் கன்னிகாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வாளியில் இருந்த முக்கால் வாளிப் பெயிண்ட்டில் ஒரு சொட்டுகூட அன்றைக்கு அவள் ஊற்றவில்லை. ஏன் ஊற்றவில்லை என்று போலீஸ் கேட்டபோது, பயத்தில் கை வரவில்லை என்று சொல்லியிருந்தாள்.

கன்னிகா மகளின் முகத்தைப் பார்த்தாள். தமிழ் என்று சொல்லிவிடலாம். பொய் என்று உலகத்தில் ஒருத்தராலும் நிரூபிக்க முடியாது. அக்கா, பிலிச்சாவா என்று பவன்குமார் இரண்டு தரம் கேட்டான். முதல் தரம் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார், சாரத்துல ஊத்தறதுக்கு நாங்க போய்னுதான் சொல்லுவோம்" என்றாள். "இருவது வருஷமா நான் வேற மாதிரி சொன்னதில்ல. அதோ நிக்குதே, அந்தப் பொண்ணக் கேளுங்க."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகச் சபீனாவைப் பார்த்தார்.

"தெலுங்குலதான் சார் சொன்னேன். நான்தான் கூப்ட்டேன்."

அவர் எழுதி வைத்திருந்த பேப்பரைக் கிழித்துவிட்டு, வேறு பேப்பர் எடுத்தார். எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது. தெலுங்கில் எழுதியிருந்ததை அவளுக்கு ஒருதரம் படித்துக் காட்டினார். அடியில் இருந்த இடத்தில், அஞ்சாம் வகுப்புவரை படித்த தமிழில், கன்னிகா என்று எழுதினாள்.